சகாய் வரை போன கல்யாணப் பெண்

அன்றைக்கு ஒசாகாவில் மாரத்தான் ஓட்டம் என்பது ஊருக்கே தெரியும். தோகுஜி அண்ணனுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. மகள் கல்யாணத்துக்காக எட்டு மாதமாகப் பட்டியல் போட்டுப் பட்டியல் போட்டு வேலை செய்தவர் அவர். தெம்மா கடைத்தெருவில் கத்திக் கடை வைத்திருக்கிறார். ஒரு மயிரிழை வளைவையும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் கார் வாடகைக்கு எடுத்த நாளன்று பாதி ஊரின் சாலைகளை அடைத்து முப்பதாயிரம் பேர் ஓடப்போகிறார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை.

என் பெயர் ஷிகேயோ. இருபத்திரண்டு வருஷமாக மணப்பெண்களுக்கு உடை கட்டுவது என் தொழில். நானூறு பெண்களுக்காவது கட்டியிருப்பேன். வெள்ளைக் கிமோனோ, அதன் மேல் இன்னொரு வெள்ளை, இடுப்பில் பலகை போல நிற்கும் கச்சை, தலையில் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் கொண்டை, அதை மூடிய வெள்ளைப் பட்டு முக்காடு. கட்டி முடித்தபின் பெண்ணால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அதனால்தான் கோவிலில் சடங்கு முடியும்வரை நானும் கூடவே இருப்பேன்.

பெண்ணின் பெயர் நாகிசா. இருபத்தொன்பது வயது, நல்ல உயரம். காலை ஐந்தரை மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவள் வாயைத் திறக்கவே இல்லை. பவுடர் பூசும்போது அவள் கை ஜில்லென்று இருந்தது. "வலிக்குதாம்மா?" என்றால் தலையாட்டல். "தண்ணி வேணுமா?" என்றாலும் தலையாட்டல். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். இப்படி உறைந்துபோன பெண்களில் ஒருத்தி, பல வருஷம் முன்பு, கோவில் வாசலிலேயே திரும்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அம்மா யசுயே உறவினர்களோடு அதிகாலையிலேயே சுமியோஷி கோவிலுக்குப் போய்விட்டார். எங்கள் காரில் நால்வர்: நாகிசா, தோகுஜி அண்ணன், அவர் தம்பி எய்சோ, நான். பதினொரு மணிக்குச் சடங்கு. ஒன்பதரைக்குக் கிளம்பி, பத்து மணிக்கு மினாமிமோரிமச்சி முனையில் நின்றுகொண்டிருந்தோம். அதாவது கிளம்பிய இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கக்கூடிய தூரம். முன்னால் ஒரு பஸ். பஸ்ஸுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் மனிதர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று டிரைவரிடம் கேட்டார் தோகுஜி அண்ணன்.

"கடைசி ஆள் ஓடி முடிக்கணும் ஐயா."

"கடைசி ஆள் எப்ப வருவான்?"

"அவன் காலைப் பொறுத்தது."

எய்சோ சித்தப்பா கதவைத் திறந்தார். "அண்ணே, இறங்கு. கீழே சுரங்க ரயில் ஓடுது. நேரா தெங்காச்சயா, அங்க ஒரு மாத்து, சுமியோஷி. முப்பத்தெட்டு வருஷமா நான் தெங்காச்சயாவில மாறி வேலைக்குப் போனவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன்."

"இந்த உடையிலயா?" என்றேன்.

"உடை நடக்காது. பொண்ணு நடப்பா."

நான் நாகிசாவைப் பார்த்தேன். அவள் முக்காட்டுக்குள்ளிருந்து அன்றைய முதல் வார்த்தையைச் சொன்னாள்: "போலாம்."

கிமோனோவின் கீழ்ப்பகுதியை மடித்து மேலேற்றி, என் பையிலிருந்த நாடாவால் கட்டினேன். படிக்கட்டில் அவள் ஒவ்வொரு படியாக இறங்க, நான் பின்னால் உடையைத் தாங்க, தோகுஜி அண்ணன் வால்கோட்டோடு முன்னால் பின்னோக்கி இறங்கினார், மேலிருந்து அலமாரி இறக்குகிறவர் போல. டிக்கெட் வாங்கினோம். வழக்கமான டிக்கெட் கதவில் அவள் நுழைய வழியே இல்லை. சக்கர நாற்காலிகள் போகும் அகலமான கதவுப் பக்கம் போனோம். ஸ்டேஷன்காரர் ஓடிவந்து டிக்கெட்டை வாங்கக் கை நீட்டினார்.

"இல்லங்க, நானே போடறேன்," என்றாள் நாகிசா. வெள்ளைக் கிமோனோவின் கைக்குள்ளிருந்து இரண்டு விரல் வெளியே வந்து டிக்கெட்டைத் துளையில் வைத்தது. கதவு திறந்தது. வரிசையில் நின்ற யாரோ கை தட்டினார்கள்.

ரயில் வந்ததும் இன்னொரு சிக்கல். ஆள் உயரம், அதன் மேல் கொண்டை, கீழே உயரமான செருப்பு. கதவு இடிக்கும். "குனிம்மா, நல்லா குனி!" என்றேன். அவள் இடுப்போடு குனிந்து உள்ளே நுழைந்தாள். ரயிலில் இருந்தவர்கள் பார்த்தது என்ன? ஒரு மணப்பெண் பெட்டிக்குள் வந்து அனைவருக்கும் ஆழ்ந்த வணக்கம் செலுத்துகிறாள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். நின்றவர்கள் குனிந்தார்கள். பெட்டி முழுக்க ஒரே வணக்கம். பதிலுக்குத் தோகுஜி அண்ணன் குனிய, அவருக்குப் பதில் வணக்கமாக எல்லோரும் இன்னொரு முறை குனிய, நல்லவேளை ரயில் கிளம்பிவிட்டது.

காரில் எப்படியோ ஓரமாகத் தொற்றி உட்கார்ந்து வந்தாள்; இங்கே கச்சை பெரிதாக இருந்ததால் உட்கார முடியவில்லை. கம்பியருகே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவரும் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தார். ஆக்டோபஸ். சிவப்புத் துணியில் எட்டுக் கை தைத்துக்கொண்டு மாரத்தான் ஓடியவர், நெஞ்சில் நம்பர் சீட்டு, காலில் கட்டு.

"என்னாச்சுங்க?" என்றார் எய்சோ சித்தப்பா.

"ஏழாவது கிலோமீட்டர்ல கணுக்கால் பிசகிடுச்சு. எட்டுக் கை இருந்து என்ன பண்ண, கால் ரெண்டுதானே," என்றார் ஆக்டோபஸ். பிறகு நாகிசாவைப் பார்த்து, "நீங்களும் ஓட்டத்துக்குத்தான் வேஷம் போட்டீங்களா?"

"இல்லங்க. இது நிஜம்," என்றாள்.

"அட! நிஜமாவே கல்யாணமா? எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"அப்ப நீங்கதான் எனக்கு மேல ஓடணும்."

முதலில் முக்காடு லேசாக அசைந்தது. அப்புறம் தோள். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. தும்மலோ என்று கைக்குட்டையை நீட்டினேன். தும்மல் இல்லை, சிரிப்பு. காலை ஐந்தரையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் சேர்ந்து வந்தது.

"சிரிக்காதேம்மா, பவுடர் வெடிக்கும்!"

"முடியல ஷிகே அக்கா... அவருக்குக் கம்பியைப் பிடிக்கவும் கை இல்ல பாருங்க!"

உண்மைதான். எட்டுக் கையும் பஞ்சு. நிஜக் கை இரண்டும் உடைக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. ரயில் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் எய்சோ சித்தப்பா மேல் சாய்ந்தார். எதிர் இருக்கையில் இருந்த இரண்டு அம்மாக்கள் பையைத் துழாவி மிட்டாய் எடுத்துவிட்டார்கள். ஒசாகாவில் ஒரு அம்மா பையைத் திறந்தால் மிட்டாய் வராமல் இருக்காது.

"இந்தா பொண்ணே, சாப்பிடு. வெறும் வயித்தோட இருப்ப."

"உதட்டுச் சாயம்..." என்று நான் தொடங்கினேன்.

"சாயம் கிடக்கட்டும், அப்புறம் பூசிக்கலாம். ஆ காட்டு!" அந்த அம்மா உறையைப் பிரித்து, உதட்டில் படாமல், நேராக நாக்கில் வைத்தார். ஆக்டோபஸுக்கும் ஒன்று ஊட்டினார். வால்கோட்டில் விறைத்து நின்ற தோகுஜி அண்ணனுக்கும் ஒன்று.

கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு நாகிசா என் காதருகே சொன்னாள்: "காலையிலேர்ந்து என்னைக் கடை ஜன்னல்ல பொம்மையா வச்ச மாதிரி இருந்துச்சு அக்கா. அசைஞ்சா உடைஞ்சிடுவேனோன்னு பயம். இப்பதான் கல்யாணம் எனக்குன்னு தோணுது."

எனக்கு மனசில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

தெங்காச்சயாவில் ஆக்டோபஸிடம் விடைபெற்று இறங்கினோம். எய்சோ சித்தப்பா முன்னால் போக, நாங்கள் பின்னால். இடது பக்கம், எஸ்கலேட்டர், வலது பக்கம், கதவு, இன்னொரு எஸ்கலேட்டர். ஒரு இடத்திலும் அவர் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேலே போனதும் ஒரு ரயில் கதவைத் திறந்து நின்றது. "இதான், ஏறு ஏறு!" என்றார். ஏறினோம். நாகிசா குனிந்தாள். இந்தப் பெட்டியும் எழுந்து வணங்கியது.

ரயில் கிளம்பியது. எய்சோ சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து முப்பத்தேழு. எப்படி?" என்று அண்ணனைப் பார்த்தார். அப்போது ஒலிபெருக்கி சொன்னது: இது எக்ஸ்பிரஸ், அடுத்து நிற்கும் இடம் சகாய்.

"சுமியோஷி?" என்றார் தோகுஜி அண்ணன்.

எய்சோ சித்தப்பாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. முப்பத்தெட்டு வருஷமாக அவர் வேலைக்குப் போன ஊர் சகாய். கால் பழக்கத்தில் சகாய் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டது.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்னியேடா!"

"சேர்ப்பேன்தான் அண்ணே... வேலைக்கு."

அந்த நேரம் பார்த்து தோகுஜி அண்ணனின் போன் அடித்தது. ரயிலில் போன் பேசுவதா? எங்கள் ஊரில் அது பெரிய மரியாதைக்குறைவு. அவர் பதறிப்போய் அதை அமுக்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெரியவர், "எடுங்க ஐயா, இன்னிக்கு ஒருநாள் யாரும் கோவிச்சுக்க மாட்டோம்," என்றார். பெட்டியே தலையசைத்தது.

யசுயேவின் குரல் எங்களுக்கும் கேட்டது. "என்னங்க, எங்க இருக்கீங்க? நீங்க ரயில்ல வரீங்கன்னு கார் டிரைவர் போன்ல சொன்னார். மாப்பிள்ளை கூட்டிட்டு வரேன்னு பிளாட்பாரத்துக்கே போயிட்டாரு!"

"யசுயே, நாங்க... கொஞ்சம்... வேகமா வந்துட்டிருக்கோம்."

சொல்லி முடிப்பதற்குள் சுமியோஷி ஸ்டேஷன் வந்தது. வந்தது, போனது. கதவுக் கண்ணாடியோடு ஒட்டி நின்ற நாகிசா ஒரு கத்துக் கத்தினாள். "யுகினாரி! நிக்கறார்! விசிறியை ஆட்டறார்!"

நானும் பார்த்தேன். கறுப்புக் கிமோனோவில் மாப்பிள்ளை யுகினாரி, கையில் வெள்ளை விசிறி. முகத்தில் முதலில் சந்தோஷம், உடனே வாய் பிளந்தது, அப்புறம் ஆளே இல்லை. அவ்வளவுதான். ரயில் யமாதோ ஆற்றுப் பாலத்தில் தடதடத்தது. நாகிசா கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். முக்காடு சரிந்ததை நான் தூக்கிப் பிடித்தேன். தோகுஜி அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இறுக்கிப் பிடிச்சுக்கோ. விழுந்துடாதே," என்றார். அவர் சட்டைப்பையில் மகளிடம் சொல்ல எழுதி வைத்த நான்கு பக்கம் இருந்தது எனக்குத் தெரியும். அதை அவர் எடுக்கவே இல்லை.

சகாயில் திரும்பும் லோக்கலுக்கு மூன்று நிமிஷம். இறங்க ஒரு படிக்கட்டு, ஏற ஒரு படிக்கட்டு. நானும் தோகுஜி அண்ணனும் இரண்டு பக்கம் உடையைத் தூக்க, எய்சோ சித்தப்பா முக்காட்டைக் குடை போலப் பிடிக்க, நாகிசா ஓடினாள். எதிரில் வந்த ஜனங்கள் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். "ஓடு ஓடு!" என்று ஒருவர் மாரத்தானில் கத்துவது போலவே கத்தினார். ரயிலின் கடைசியில் நின்ற கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி எங்களையே பார்த்தார். கடைசியாக எய்சோ சித்தப்பாவின் கோட்டும் உள்ளே போனபிறகுதான் ஊதினார்.

பத்து ஐம்பத்தைந்துக்குச் சுமியோஷி. எய்சோ சித்தப்பா டிக்கெட் கதவருகே சட்டென்று குனிந்து, "தப்பா சகாய் வரைக்கும் போயிட்டு வந்துட்டோம்," என்று ஸ்டேஷன்காரரிடம் ஒப்புக்கொண்டார். அவர் நாகிசாவைப் பார்த்து, "போங்க, போங்க, சீக்கிரம்!" என்று கதவைத் திறந்துவிட்டார்.

வெளியே யசுயே. அவர் முதலில் மகளைப் பார்த்தார், பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"மாப்பிள்ளை எங்க?"

"இங்கதானே நின்னாரு?" என்றார் தோகுஜி அண்ணன்.

"உங்களைக் கூட்டிட்டு வரேன்னு அடுத்த ரயில் பிடிச்சு சகாய் போயிட்டாரே!"

நாகிசா அங்கேயே, ஸ்டேஷன் வாசலில், என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யசுயேவுக்கு முதலில் கோபம், அப்புறம் அவருக்கும் தொற்றிக்கொண்டது.

கோவில் அலுவலகத்தில் பதினொன்றரை மணிச் சடங்குக்காக இன்னொரு ஜோடி காத்திருந்தது. அவர்கள் வீட்டார் அனைவரும் ஏழு மணி ரயிலிலேயே வந்துவிட்டவர்களாம். விஷயத்தைக் கேட்ட அந்த மணப்பெண் சொன்னாள்: "நாங்க முன்னாடி போயிக்கறோம். நீங்க கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க. மாப்பிள்ளையையும் வரவழைங்க!"

பதினொன்று பதினைந்துக்கு யுகினாரி வந்தார். வியர்வை ஊற்றியது. ஒரு காலில் செருப்பு இல்லை, வெறும் வெள்ளைக் காலுறை மட்டும். சகாய்ப் படிக்கட்டில் எங்கோ கழன்றுவிட்டதாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுவரைக்கும் போனீங்க?" என்றாள் நாகிசா.

"சகாய்."

"நானும்தான்."

"எப்படி இருந்துச்சு?"

"சரியாப் பார்க்கல. ஓடிட்டேன்."

"அப்ப தேனிலவுக்கு அங்கயே போயிடலாமா?"

"வேணாம். ஓடின ஊர்லயே திரும்ப ஓடணுமா?"

கோவில்காரர்கள் மாப்பிள்ளைக்கு ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார்கள். நான் பத்து நிமிஷத்தில் முக்காட்டை நிமிர்த்தி, உதட்டுச் சாயம் பூசி, கண்ணருகே பவுடரில் விழுந்த கோடுகளை அடைத்தேன்.

பதினொன்றரைக்குச் சடங்கு தொடங்கியது. பூசாரி மந்திரம் சொன்னார், புல்லாங்குழல் ஒலித்தது, சிவப்புக் கிண்ணங்களில் மூன்று மூன்று வாய் சாக்கே என்ற அரிசி மது. இரண்டாவது கிண்ணத்தை உதட்டருகே கொண்டுபோனபோது நாகிசாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. யுகினாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. பின்வரிசையில் எய்சோ சித்தப்பா உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"பாருங்க, எப்படி அழறா, பாவம். பெத்தவங்களை விட்டுப் பிரியறது லேசா?"

"லேசில்லீங்க," என்றேன், கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு.