ஏரிப்பக்கம் இரண்டு தெரு

சனிக்கிழமை மத்தியானம் வரை ஜீன்ஸுக்குப் பாக்கெட் தைத்துவிட்டு, அதே விரல்களால் ஸொய்லா கம்ப்யூட்டரில் ஓர் அரைப்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வரியின் கடைசியில் அது விட்டுப்போனதால் ஆப் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு தையல் நழுவினாலே பிடித்துவிடுகிற கண் அவளுக்கு. பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாள்.

அவள் வேலை பார்க்கிற ஃபேக்டரியை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அவள் ஊரான மனாகுவாவில் மற்ற ஃபேக்டரிகள் முப்பத்தைந்துக்கு மேல் யாரையும் எடுப்பதில்லை, அவளுக்கு நாற்பத்தொன்று. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற கம்பெனி ஒன்று மொபைல் ஆப் செய்ய இலவசமாகக் கற்றுக்கொடுத்தது. நல்ல ஆப் செய்கிறவருக்கு அங்கேயே வேலை என்று சேரும்போதே சொன்னார்கள். அந்த ஒரு வேலையை நம்பித்தான் நாலு மாதமாக ஓடி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

பாடம் நடத்திய எஃப்ரெயின் மெக்சிகோக்காரர், வயது இருபத்தாறு. அவர் கொடுத்த மாதிரியில் தெருப் பெயருக்கு ஒரு கட்டம், வீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம். மற்றவர்கள் அப்படியே செய்துவிட்டார்கள். ஸொய்லா கையைத் தூக்கினாள்.

"இந்த ஊர்ல வீட்டுக்கு நம்பர் யார் சார் வச்சிருக்கா?"

"அப்ப உங்க விலாசத்த எப்படிச் சொல்வீங்க?"

"சினிமாக் கொட்டகை இருந்த இடத்துலேர்ந்து ஏரிப்பக்கம் ரெண்டு தெரு, கீழே அரைத் தெரு."

அவர் மேப்பைத் தேடினார். "கொட்டகையே இல்லையே மேடம்."

"அது பூகம்பத்துலயே போச்சு. எங்கம்மாவுக்கு அப்ப பத்து வயசு."

"இல்லாத இடத்துலேர்ந்து எப்படி எண்றது?"

"உங்களுக்குத்தான் இல்லாத இடம். எங்களுக்கு அங்கேயேதான் இருக்கு."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "கீழேன்னா பள்ளமா?"

"சூரியன் அடையற பக்கம் சார். உதிக்கிற பக்கம் மேலே."

திங்கட்கிழமையிலிருந்து ஃபேக்டரியில் சாப்பாட்டு நேரத்துக்கு நோட்டோடு வந்தாள். ஊரில் எல்லா மூலையிலிருந்தும் வருகிற பெண்கள் அங்கே இருந்தார்கள். பக்கத்து மெஷின் நிடியா பீன்ஸ் சோற்றைப் பிசைந்தபடியே வம்புக்கிழுத்தாள்.

"ஏண்டி, ஊர்ல ஒரு வீடு விடாம விசாரிக்கறியே, ரெண்டாங் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போறியா?"

"வேலைக்குடி. உங்க ஏரியாவுல எதை வச்சு வழி சொல்வீங்க?"

"எழுதிக்கோ. மாமரம் இருந்த இடம். வெட்டி இருபது வருஷமாச்சு. வெட்டினவனும் போய்ச் சேந்துட்டான்."

மாமரம் இருந்த இடம் மட்டும் மூன்று ஏரியாவில் மூன்று இருந்தது. ஆர்டர் எங்கே போய்த் தொலையுமோ என்று ஸொய்லா ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் நின்று மேப்பில் புள்ளி வைத்தாள். இருநூற்றுப் பதினான்கு இடங்கள். கால் வீங்கிவிட்டது.

கடைசி வகுப்பில் எஃப்ரெயின் அவளுடைய ஆப்பிலேயே சாப்பாடு வரவழைத்துப் பார்த்தார். கொண்டுவந்தவன் வழி கேட்டு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. "நாங்க ஆறு மாசமா மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தோம் மேடம்" என்றார். அவளுக்குத்தான் முதல் இடம். ஒரு வாரத்தில் கூப்பிடுவார்கள் என்றார்கள்.

ஃபேக்டரியை மூடினார்கள். மூன்று வாரம் ஆகியும் யாரும் கூப்பிடாததால் அவளே எஃப்ரெயினைக் கூப்பிட்டாள்.

"வேலைக்கு டிகிரி இருந்தாத்தான் எடுப்போம்னுட்டாங்க மேடம். பேசிப் பாத்தேன். என் பேச்சு எடுபடல."

"அப்ப என் ஆப்?"

"கோர்ஸ்ல செய்யறது கம்பெனிக்குன்னு சேரும்போதே கையெழுத்து வாங்கினாங்களே." அவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கே வெக்கமா இருக்கு."

அந்தப் பையனைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, விற்பதற்காக வாசலில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மோட்டார் சைக்கிள் நேராக அவள் முன்னால் வந்து நின்றது.

"ஸொய்லா அக்காதானே? பார்சல்."

"யாரைப்பா கேட்டு வந்தே?"

"யாரையும் கேக்கலக்கா. முன்னெல்லாம் நாலு வீட்ல விசாரிக்கணும், அதுக்குள்ள சாப்பாடு ஆறிடும், எங்க கூலியில பிடிப்பாங்க. போன வாரம் புது ஆப் குடுத்திருக்காங்க. எவனோ பெரிய படிப்பு படிச்சவன் செஞ்சிருக்கான். நல்லா இருக்கட்டும்."

பார்சலில் கம்பெனி பெயர் போட்ட பனியன் ஒன்றும், நன்றி என்று அச்சடித்த அட்டையும் இருந்தன. அளவு பெரிது.

"கிடைச்சுதுன்னு அழுத்துங்கக்கா. கையத் தொடைச்சுட்டு" என்று அவன் போனை நீட்டினான்.

"தொடைக்க வேணாம்பா" என்றாள் ஸொய்லா. சமைக்கிறவர்கள் ஈரக்கையோடு வந்து அழுத்துவார்கள் என்று அந்தப் பச்சைப் பட்டனை அவள்தான் அவ்வளவு பெரிதாக வைத்திருந்தாள். மாவு ஒட்டிய விரலால் அழுத்தினாள். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது.