மெக்சிகோக்காரி வேஷம்

யாங்கோனின் லான்மடா பகுதியில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த முரளிதரனுக்கு 1996இல் படம் எடுக்கும் ஆசை வந்தது. கடையில் கிடந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் காரணம். அதில் ஒரு மெக்சிகோ நடிகை, கணவன்மேல் சந்தேகப்பட்டு, பாதி ஆங்கிலமும் பாதி தன் மொழியுமாகப் பொரிந்து தள்ளுவாள். நடுநடுவே பாட்டு. அதையே தமிழும் பர்மியமும் கலந்து எடுத்தால் யாங்கோன் தமிழர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று அவன் நம்பினான்.

கோயில் விழாக்களிலும் கல்யாணங்களிலும் பாடிப் பேர் வாங்கியிருந்த அவன் மனைவி புஷ்பலதாதான் கதாநாயகி. அவளுக்கு நான்கு பாட்டு. மெக்சிகோக்காரி வேஷத்துக்கு, தின்கன்ஜூனில் அவர்களுக்கு அடுத்த தெருவில் இருந்த தைலம்மாளைப் பிடித்தான். அவளுக்குப் பாட வராது. தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியம் பர்மியத்தில்தான் முடியும். ஆனால் சிவப்புப் பாவாடையும் பெரிய காது வளையமுமாக இடுப்பில் கை வைத்து நின்றாலே முரளிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஒத்திகை வீட்டுக் கூடத்தில் நடந்தது. புஷ்பா பாடும்போது முரளி கடிகாரத்தைப் பார்ப்பான். பாட்டின் நீளத்தைக் கணக்குப் பார்ப்பதாகச் சொல்வான். தைலா வாயைத் திறந்ததும் கண்ணில் நீர் வரச் சிரிப்பான். தன்னிடம் அவன் அப்படிச் சிரித்தது எப்போது என்று புஷ்பா யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அவனுக்கும் தைலாவுக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வேண்டுமென்றே தைலாவின் தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு தைலா முகத்தைக் கோணினாள். முரளி அதற்கும் சிரித்தான்.

படப்பிடிப்பு விமான நிலையம் இருக்கும் மிங்கலாடோனில், முரளியின் நண்பர் முகைதீன் வீட்டில். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த இரைச்சலில் புஷ்பாவின் இரண்டு பாட்டுகள் கெட்டன. மறுபடி எடுக்க நேரமில்லை என்று முரளி அவற்றை விட்டுவிட்டான். மதியம் முக்கியமான காட்சி. மெக்சிகோக்காரி, கதாநாயகியைத் தன் கணவனின் கள்ளக்காதலி என்று நினைத்து அலுமினியத் தட்டுகளை வீச வேண்டும். கதாநாயகி அழுதபடி நிற்க வேண்டும்.

முதல் தட்டு விழுந்ததும், கேமராவுக்குப் பின்னால் முரளி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் புஷ்பா பார்த்தாள். குனிந்து அந்தத் தட்டை எடுத்து அவன்மேல் வீசினாள்.

"நாலு பாட்டுன்னு சொல்லிட்டு ரெண்டை முழுங்கிட்டீங்க. இவ தும்மினாக்கூட சிரிக்கிறீங்க. நான் ஒருத்தி இருக்கறது கண்ணுக்குத் தெரியுதா?"

பிறகு வந்ததெல்லாம் பாதிக்கு மேல் பர்மியம். அதையும் வசனம் என்று நினைத்த தைலா தன் பாணியில் எதிர்த்துப் பேசினாள். முகைதீன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

தின்கன்ஜூன் வீடியோ கொட்டகையில் படம் ஓடிய முதல் நாள், புஷ்பா தட்டை வீசும் இடத்தில் சிரிப்பால் கொட்டகையே அதிர்ந்தது. புஷ்பாவுக்குக் காது சுட்டது. முரளி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னான்:

"அது நடிப்பில்லைன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வெட்டல?"

"படத்துலேயே அதுதான் நல்லா இருந்துச்சு."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் கொட்டகை வாசலில் ஜனங்கள் பர்மிய மரியாதையோடு "மா புஷ்பா" என்று அழைத்துத் தன்னைச் சூழ்ந்தபோது, தைலா ஒதுங்கி நின்று பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அது என்ன பார்வை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அடுத்த படத்துல தைலா பாடட்டும்," என்றாள். "மெக்சிகோக்காரி நான்."

அப்படியே நடந்தது. தைலாவின் பாட்டு சுருதி சேரவில்லை. கேசட் என்னவோ நன்றாகவே வாடகைக்குப் போனது. அதன் பிறகு தைலா அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. புஷ்பாவும் கூப்பிட்டு அனுப்பவில்லை. மூன்றாவது படத்துக்கு முகைதீனின் தங்கை மகள் ரஹீமா வருகிறாள், ரொம்ப வேடிக்கையாகப் பேசுவாளாம் என்று முரளி ஒருநாள் சொன்னான். அந்தப் பெண்ணை முதலில் தன்னிடம் அழைத்து வரச் சொன்னாள் புஷ்பா.