புகை வர வேண்டிய பின்னேரம்

ஓர்ஸ் ஹில் செக்பொயின்ற்றில் என் பையைக் கவிழ்த்த நேவிக்காரருக்கு முதலில் கிடைத்தது சாப்பாட்டுப் பார்சல். அடுத்தது வரைபடம். பார்சலைத் திருப்பித் தந்தார். வரைபடத்தைத் தரவில்லை, தன் அதிகாரியிடம் கொண்டுபோனார்.

வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த சிவப்புக் கோடுகள் திருகோணமலைத் துறைமுகத்தில் முடிந்தன. கோடுகளில் புள்ளிகள், புள்ளிக்குப் பக்கத்தில் நேரம். கம்பஸ் மாணவர்களுக்கு வகுப்பில் காட்டுவதற்காகத் துறைமுகத்தை வட்டமிட்டு, ‘இன்று பின்னேரம் வந்து சேரும்’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தேன். 2007 மாசியில், யுத்தத்துக்கு நடுவில், இந்த மூளைக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

“என்ன வருது?” அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

“புகை, சேர்.”

“ஆர் அனுப்புறது?”

“வட இந்தியா, சேர்.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று விளங்கியது. அங்கே குளிர்காலம், அடுப்பும் செங்கல் சூளையும் கக்கும் புகை கடல் தாண்டி வரும், செய்மதி அதை மேலிருந்து பார்க்கும், கணினி காற்றின் வழியைக் கணக்குப் போட்டுக் கோடாக்கும் என்றெல்லாம் என் சந்தைச் சிங்களத்தில் உளறினேன்.

“பின்னேரம் புகை வந்தால் போகலாம். வராட்டி உள்ளுக்க வச்சுக் கதைப்பம்.”

உள்ளே கதைக்கப் போன சிலர் இன்னும் கதைத்து முடிக்கவில்லை.

என்னை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் ஸைனுலாப்தீன் நானாவையும் என் பக்கத்தில் வாங்கில் இருத்தினார்கள்.

“சேர், உங்கட கொம்பியூட்டர் சொன்னாச் சரியா வருமா?”

“பத்துக்கு ஆறு சரிவரும், நானா.”

“மற்ற நாலு?”

“ஏன் பிழைச்சது எண்டு கட்டுரை எழுதுவன்.”

“நல்லது. அதை என்ர பொஞ்சாதி றுக்கியாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க.”

பயத்தில் சிரித்துவிட்டேன். சிப்பாய் துவக்கை மாற்றிப் பிடித்தான்.

துறைமுகத்துக்கு அப்பால் மலைகள் கழுவி வைத்ததுபோல் தெளிவாக நின்றன. இந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசியவன், அன்று அதே நஞ்சை ‘வா, ராசா, வா’ என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு மழை போதும், புகை முழுவதையும் கழுவி இறக்கிவிடும். கறுத்த முகில் ஒன்று தலைக்கு மேல் வந்தபோது அதை ‘போ, ராசா, போ’ என்று கெஞ்சினேன்.

முகில் பெய்யாமல் கடல் பக்கம் போனது. வெயில் சரிய, மலைகளின் விளிம்பு மங்கியது. பிறகு மலைகளே இல்லை. ஸைனுலாப்தீன் இருமினார். இருமலுக்கு நடுவில் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அதிகாரி வெளியே வந்து நெடுநேரம் பார்த்தார். எங்கள் அடையாள அட்டைகளைத் தந்தார். வரைபடத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

“இப்பிடி மங்கினால் எங்கட ஆக்களுக்குக் கடல்ல படகு தெரியாது. இனிப் புகை எப்ப வரும் எண்டு முதலே சொல்லவேணும். கிழமைக்குக் கிழமை உங்கட வீட்டுக்கு வந்து கேப்பம்.”

என் வாசலில் நேவி ஜீப் நின்றால் மற்றப் பக்கத்து இயக்கக்காரர் என்னை ஆருடைய ஆள் என்று நினைப்பார்கள் என்று ஸைனுலாப்தீனுக்கு விளக்கத் தேவையில்லை.

“பிழையாச் சொல்லுங்க, சேர். அலுத்துப்போய் வராம விட்டுருவாங்க.”

“பிழைச்சால், ‘என்ன வருது, ஆர் அனுப்புறது’ எண்டு திரும்ப முதலில இருந்து கேப்பாங்கள்.”

ஸைனுலாப்தீன் ஓட்டோவைக் கிளப்பினார். எப்போதும் என்னை வீட்டு வாசலில் இறக்குகிறவர், அன்று தெருச் சந்தியிலேயே நிறுத்தினார். நான் கோவிக்கவில்லை. ஏலுமென்றால் நானும் என்னை அங்கேயே இறக்கிவிட்டுப் போயிருப்பேன்.