வந்ததாக ஒரு மெசேஜ்

வகுப்புக் கதவருகில் நின்ற பெண்மணியைக் கண்டதும் மோகனப்பிரியா பாடத்தைப் பாதியில் நிறுத்தினாள். மௌனிகாவின் அம்மா. கிணத்துக்கடவிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். இந்த வகுப்பில் படித்த மௌனிகா டெங்குவில் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு மோகனப்பிரியா நடத்துவது தொழில் அறம். அவர்களுக்கோ அது தூங்குகிற பீரியட். நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் கக்கிவிட்டால் தீர்ந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு.

கல்லூரியின் அட்டெண்டன்ஸ் ஆப்பை எழுதியது இந்த வகுப்புக் கவின்தான். வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் காலையிலேயே மெசேஜ் போய்விடும். மௌனிகாவின் பெயரை எடுத்தால் பின்னால் இருக்கிற எல்லாருடைய ரோல் நம்பரும் மாறும், மார்க்கெல்லாம் குழம்பும் என்று ஆபீஸில் அப்படியே விட்டுவிட்டார்கள். 'உங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை.' செத்துப்போன பிள்ளையின் வீட்டுக்கு, பாவிகள், நாள் தவறாமல் இதை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நேற்று மௌனிகாவின் அப்பா போனில் கதறிய பிறகுதான் உறைத்தது. கவின் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்தான்.

"மேடம், நான் ஒண்ணு மாத்திப்போட்டா நாளைக்கிருந்து அந்த மெசேஜ் போகாதுங்க. மாத்தட்டுங்களா?"

விடைத்தாள் குவியலிலிருந்து அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "சரி கண்ணு, மாத்திப்போடு."

எதை மாற்றப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அவன் மௌனிகாவை 'வந்தவர்' என்று மாற்றிவிட்டான். வந்தவர் வீட்டுக்கும் மெசேஜ் போகும்படி போன வாரம் தானே செய்து வைத்தது, அந்த அவசரத்தில் அவனுக்கு நினைவில்லை.

அந்த அம்மா போனை நீட்டினார். 'உங்கள் மகள் பத்திரமாகக் கல்லூரிக்கு வந்துவிட்டார்.'

"எனக்கு எல்லாம் தெரியுமுங்க மேடம். நாந்தானுங்க அவளக் குளிப்பாட்டி அனுப்பி வெச்சேன். ஆனாலும் மெசேஜ் வந்துருச்சுங்களே. ஒருக்கா எட்டிப் பாத்துப்போட்டுப் போயர்றேனுங்க."

கவின் எழுந்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "அம்மா... நாந்தானுங்க..."

"நீ உக்காரு கவின்." மோகனப்பிரியா கதவருகில் வந்தாள். "சரின்னு சொன்னது நானுங்கம்மா. என்ன ஏதுன்னு கேக்காம சொல்லிப்போட்டேன். தப்பு எம்மேலதானுங்க."

அந்த அம்மா தலையாட்டினார். யார்மேல் தப்பு என்று கேட்டுப் போக அவர் வரவில்லை. கண் மட்டும் பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப அவ வரலீங்களா?"

மோகனப்பிரியா கையிலிருந்த பாடப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள்.

மூன்றாவது பெஞ்சில், எப்போதும் மௌனிகாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரூபினா, யாரும் சொல்லாமலே, புத்தகங்களை அள்ளிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். அந்த அம்மா மெல்ல நடந்துபோய் பெஞ்சின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தார், நடுவில் இன்னும் ஒருத்தி உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.