அண்ணிக்கு வந்த ஆறு தட்டு

அந்தக் குடும்பம் லீவுக்குக் கிளம்பினால் காரில் முதலில் ஏறுவது குக்கர். அப்புறம் அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்ப்பொடி. மனுஷர்கள் மிச்ச இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். போகிற ஊரில் சமையலறையோடு ஒரு வீடு பிடிப்பார்கள். அண்ணியின் வீட்டுக்காரர், கொழுந்தன், கொழுந்தன் மனைவியான ஓரகத்தி, மூன்று பேரும் கடற்கரை, கடைத்தெரு என்று சுற்றிவிட்டு வந்து, "அடடா, என்ன ஊரு, என்ன காத்து!" என்று காலை நீட்டுவார்கள். அண்ணி கரண்டியும் கையுமாக நிற்பாள். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் அங்கே அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் சரியாகச் சொல்வாள். இதற்குப் பெயர் லீவா? நீங்களே சொல்லுங்கள்.

அண்ணி என்றால் கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி இல்லை. அவள் வேலை பார்க்கிற பஸ் டிப்போவில் டிரைவர், கண்டக்டர், வாட்ச்மேன் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எந்த ரூட்டில் ஓட்ட வேண்டும் என்று டியூட்டி போடுகிறவள் அவள். அவள் போட்டதை மாற்ற மேனேஜரே ஒருமுறை யோசிப்பார். வீட்டில்தான் அவள் பேச்சு எடுபடாது.

இந்த வருஷம் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். போகப்போவது கடலோர ஊர். அங்கே குன்றின் மேல் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய ரெஸ்டாரண்ட். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு தட்டு வருமாம். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, இது இன்னது என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார்களாம்.

"ஒரே ஒரு ராத்திரி," என்றாள் வீட்டுக்காரரிடம். "நான் உக்காந்திருக்கணும். சாப்பாடு என்னைத் தேடி வரணும். நாம நாலு பேரும் ஒண்ணா சாப்பிடணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். "அங்க தட்டு இவ்வளவு பெருசா இருக்கும். அதுல சாப்பாடு எங்க இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும். அந்தக் காசுக்கு வீடு முழுக்க ஒயரிங் மாத்திடலாம்."

"ஒயரிங்க நீங்க சாப்பிடுங்க. நான் இதச் சாப்பிட்டுக்கறேன்."

அண்ணி வேலையில் இறங்கினாள். ரெஸ்டாரண்டுக்கு போன் போட்டு, கடல் பார்த்த மேஜை வேண்டும் என்றாள். கொழுந்தனுக்கு இறால் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றாள். ஓரகத்தி கறி தொடமாட்டாள், அவளுக்குக் காளான் வையுங்கள் என்றாள். வீட்டுக்காரர் இடுப்புக்கு முதுகு நிமிர்ந்த நாற்காலி வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் பேசிய பெண் கடைசியில், "மேடம், நீங்களும் ஹோட்டல் லைன்லதான் இருக்கீங்களா?" என்று கேட்டே விட்டாள். ஓவர்டைம் பார்த்த காசை முழுசாகக் கட்டியாயிற்று. இனி வேண்டாம் என்றாலும் திரும்ப வராது. கிளம்புகிற அன்று குக்கரைப் பரண்மேல் ஏற்றி, ஏணியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. அண்ணி மத்தியானம் வெறும் டீயோடு நிறுத்திக்கொண்டாள். பொழுது சாய்கிற நேரத்தில், தலைமுடியைச் சரிசெய்துகொள்ள அடுத்த தெருவுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறு தட்டாம். ஆறும் சேந்து ஒரு வாய்க்குக் காணாது," என்றார் அண்ணன்.

"பசியோட படுக்கணும்னு தலையெழுத்தாண்ணே நமக்கு?" என்றான் தம்பி.

அவர்கள் தங்கியிருந்த வாடகை வீட்டு அலமாரியில் ஒரு பழைய பாத்திரம் கிடந்தது. மூலைக்கடையில் அரிசியும் உருளைக்கிழங்கும் கிடைத்தன. ஜென்மத்தில் அடுப்பு பற்ற வைக்காத இரண்டு பேரும் சேர்ந்து சோறு வடித்து, கிழங்கை வறுத்து இறக்கினார்கள். அடி லேசாகப் பிடித்திருந்தது. யாருக்குக் கவலை? ஓரகத்தியையும் உட்காரவைத்து மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து வாடையை விரட்டினார்கள். அண்ணி திரும்பி வந்தபோது மூவரும் சாதுவாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெஸ்டாரண்டில் முதல் தட்டு வந்தது. பூசணி சூப், மேலே வறுத்த விதைகள். ஒரு வாய் குடித்ததும் அண்ணிக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. இரண்டாவது தட்டில் மீன். அவள் நிமிர்ந்து பார்த்தால் கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தான். ஓரகத்தி ஸ்பூனால் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஏப்பத்தை விழுங்கினார்.

"என்ன ஆச்சு எல்லாருக்கும்? பிடிக்கலையா?"

ஓரகத்திக்குப் பொய் வராது. "அக்கா, மன்னிச்சிருங்கக்கா. வீட்டுலயே சோறு பொங்கித் தின்னுட்டோம்."

அண்ணி ஸ்பூனைக் கீழே வைத்தாள். எத்தனை போன், எத்தனை கெஞ்சல், எத்தனை ஓவர்டைம்! நாலு பேரும் ஒன்றாகச் சாப்பிடப்போகிறோம் என்று மாசக்கணக்கில் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"தப்புதாம்மா," என்றார் வீட்டுக்காரர். "இங்க வயிறு ரொம்பாதோன்னு ஒரு பயம்."

"சரி. எனக்கு எடுத்து வச்சீங்களா?"

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மேஜை விரிப்பைப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்கறேன். இத்தனை வருஷமா யார் லேட்டா வந்தாலும் அவங்க பங்க மூடி வச்சுட்டு உக்காந்திருந்தவ நான். எனக்குன்னு ஒரு பிடி எடுத்து வைக்கணும்னு உங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் தோணலையா?"

அண்ணி மூன்று முகங்களையும் பார்த்தாள். திருட்டுப் பூனைகள் போல உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, வைக்கல. வச்சிருந்தா பாவம்னு அதையும் தின்னு தொலைச்சிருப்பேன்," என்றாள்.

அப்புறம் கையை நீட்டி வீட்டுக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கொழுந்தன் தட்டையும் இழுத்தாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, இனிமே வர்றதையெல்லாம் இந்தப் பக்கமே வைங்க. இவங்க சும்மா வேடிக்கை பாக்க வந்தவங்க," என்றாள்.

அண்ணி சாப்பிட்டாள். ஆற அமரச் சாப்பிட்டாள். வெண்ணெயில் வதக்கிய காளான் வந்தது, அதில் இரண்டு பங்கு. நெருப்பில் வாட்டிய கறி வந்தது, அதில் மூன்று. டார்ச் அடிக்கிற அளவு என்று சொன்னது ஒருவகையில் நிஜம்தான். அதனால்தானே அத்தனையும் உள்ளே போனது! பரிமாறுகிறவர் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்ல, இவள் திருப்பிக் கேள்வி கேட்க, அவர் உள்ளே ஓடிப்போய் விசாரித்துவந்து பதில் சொன்னார். ஓரகத்தி ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். கொழுந்தன் டம்ளர் குறையக் குறையத் தண்ணீர் ஊற்றினான். வீட்டுக்காரர் காலித் தட்டுகளை ஓரமாக அடுக்கினார். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே படகு விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன. அண்ணிக்கு அப்படியொரு சந்தோஷம். மகாராணிகூட இப்படிச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

ஆறாவது தட்டு வந்தது. சூடான சாக்லேட் கேக், பக்கத்தில் ஐஸ்கிரீம்; நாலு பேருடைய பங்கும் அண்ணி முன்னால். வாசம் மேஜையைச் சுற்றி வந்தது. அதற்குள் உருளைக்கிழங்கு ஜீரணமாகியிருக்க வேண்டும், கொழுந்தன் மெதுவாக ஸ்பூனை எடுத்தான்.

"கீழ வை," என்றாள் அண்ணி.

வைத்துவிட்டான். டிப்போவில் எத்தனையோ முரட்டு டிரைவர்களை அடக்கிய குரல் அது. அவள் முதல் தட்டை முடித்தாள். இரண்டாவதை முடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவதையும் முடித்தாள். நாலாவதில் கடைசி வாய் இருந்தபோது வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, எனக்குன்னு ஒரு வாய் எடுத்து வைக்கலையா?"

அண்ணி அந்தக் கடைசி வாயை ஸ்பூனில் எடுத்தாள், ஐஸ்கிரீமில் நன்றாகப் புரட்டினாள், வாயில் போட்டுக்கொண்டாள்.

"இல்லைங்க," என்றாள். "தோணவே இல்ல."