மேடு ஏறாத வண்டி

1

காலையில் எழுகிறேன். தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன். அது கொதிப்பதற்குள் அலமாரி மேலிருக்கும் ரிமோட் காரைத் துணியால் துடைக்கிறேன். சக்கர இடுக்குகளுக்குப் பழைய டூத்பிரஷ். காபி குடிக்கிறேன், சட்டை மாட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன். மருந்துப் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தத் தாளில் பிழை திருத்துவது என் வேலை.

கதை இங்கே தொடங்கவில்லை. சோபாவுக்கு அடியில் தொடங்கியது. போன வாரம் பெருக்குவதற்காக அதைத் தள்ளினேன். தூசிக்குள் ஒரு குட்டி பிளாஸ்டிக் வளையம் கிடந்தது.

(இந்த இடத்தில் ‘மோதிரம் போல’ என்று எழுதி, அடித்துவிட்டேன். மோதிரம் போல இல்லை. சட்டைப் பொத்தானில் பாதி அளவு. சாம்பல் நிறம்.)

2

வேறொரு தொடக்கம்: என் மனைவி இறந்து ஓராண்டாகிறது. அவள் கட்டிய கடைசி வண்டியை நான் தினமும் காலையில்—

வேண்டாம். நீங்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள். அவள் இறந்த விதமும் கதைக்குத் தேவையில்லை. மழை, சாலை, லாரி. பாருங்கள், மூன்று சொல்லில் முடிந்துவிட்டது.

வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். துளை போட்ட சட்டங்களையும் பற்சக்கரங்களையும் குட்டிக் குட்டி ‘பின்’களைச் செருகிக் கோக்கும் பிளாஸ்டிக் செட்டுகள் கடையில் கிடைக்கும். பெட்டிமேல் ஒரு கிரேன் படம் இருக்கும். அந்தப் படத்தில் இருப்பதை அவள் ஒருமுறைகூடக் கட்டியதில்லை. கல்லிலும் சேற்றிலும் ஓடுகிற, மாடிப்படியில் உருண்டாலும் நிமிர்ந்துகொண்டு போகிற முரட்டு வண்டிகளைத் தன் மனம்போல் கட்டுவாள். பகலில் லிஃப்ட்களைப் பரிசோதிக்கும் வேலை. “நாள் பூரா மேலயும் கீழயும்தான் போறேன். வீட்லயாவது குறுக்க போறேனே” என்பாள்.

துண்டுகள் எப்போதும் பற்றாது. அடுத்ததைக் கட்ட முந்தையதைப் பிரித்தாக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் எந்த வண்டிக்கும் ஆயுள் கெட்டியில்லை. அலமாரி மேல் இருக்கும் இந்த ஒன்றுக்குத்தான் வயதாகியிருக்கிறது.

3

அதற்கு ஒரு கோளாறு உண்டு. சமதளத்தில் பறக்கும். மேட்டில் விட்டால் பாதி ஏறியதும் வயிற்றுக்குள் ‘டக், டக்’ என்று சத்தம் வரும், நின்றுவிடும். காரணம் அவளுக்குப் பிடிபடவில்லை.

வளையத்தைப் படம் எடுத்து அவள் தம்பிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அத்தான், இதான் அது! பல்சக்கரம் அச்சுல நகராம இருக்க இதைப் போடணும். அக்கா போடாம விட்டுட்டா. அதான் மேட்டுல வழுக்குது.”

போடாத துண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டிருக்கிறது. அதைப் போடவேண்டுமானால் வண்டியை நடுவயிறு வரை பிரிக்க வேண்டும். வரைபடம் கிடையாது. பிரித்தால் அவள் கோத்தபடி திரும்பக் கோக்க யாராலும் முடியாது.

(திருத்தம்: ‘யாராலும்’ என்பது மிகை. என்னால்.)

4

மைத்துனன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். கதையில் அதிகம் பேசுகிறான். குறைக்கலாம் என்று பார்த்தேன். நேரிலும் அப்படித்தான், என்ன செய்வது. இன்று காலை வந்தான், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

“வளையம்தான் கெடச்சிருச்சே, இன்னும் என்ன? கண்காட்சி நடத்துறீங்களா?”

“உள்ள அவ எப்படிக் கோத்திருக்கான்னு தெரியாதுடா.”

“ஒவ்வொண்ணா போட்டோ எடுத்துக்கிட்டே கழட்டலாம்.”

“அப்புறம் கட்டுறது நாம கட்டுனதாத்தானே இருக்கும்?”

“அத்தான், அக்கா இருந்திருந்தா இந்நேரம் இதை நாலு தடவ பிரிச்சு மேஞ்சிருப்பா. நீங்கதான் ஒக்காந்து குளிப்பாட்டிட்டு இருக்கீங்க.”

நான் காபி போட எழுந்தேன்.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். தெருக்கோடியில் கட்டட வேலைக்காக ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். அந்தக் குவியலின் உச்சிக்கு அக்காவின் வண்டி ஒரே ஒருமுறை ஏற வேண்டும். நாளை ஜல்லியை எடுத்துவிடுவார்களாம்.

“‘உன் வண்டி எங்க ஏறப் போவுது’ன்னு நான்தான் அக்காவை ஓட்டிக்கிட்டே இருந்தேன்” என்றான். பிறகு வெகுநேரம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

5

முடிவுக்கு வருவோம். பிரிக்கிறோம், வளையத்தைப் போடுகிறோம், ஏறுகிறது. அவன் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துகிறான். திரும்பி வரும்போது என் கையில் இருப்பது நாங்கள் கட்டிய வண்டி.

அல்லது, பிரிக்கவில்லை. ஜல்லி போய்விடுகிறது. நாளை காலையும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன்.

முதல் வரைவில் இன்னொரு முடிவு இருந்தது. அதில் அவள் கடைசியாக என்னிடம், “எதையும் பிரிச்சுப் பாக்கப் பயப்படாத” என்று சொல்லியிருந்தாள். எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. மைத்துனன் படித்துவிட்டுச் சிரித்தான்.

“அக்கா எப்ப அத்தான் இப்படியெல்லாம் பேசுனா? தினக் காலண்டர்ல கிழிச்ச பொன்மொழி மாதிரி இருக்கு.”

அடித்துவிட்டேன்.

6

வண்டி இப்போது மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறது. எதிரே மைத்துனன், போனில் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு. வளையம் ஒரு தட்டில். இதற்குத் திருப்புளி எதுவும் தேவையில்லை, பின்னை நகத்தால் நெம்பினால் வந்துவிடும். முதல் பின்னின்மேல் என் இடது கட்டைவிரல் நகம் இருக்கிறது. (இந்த வரியை எப்படி எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள். வலது கை சும்மாதான் இருக்கிறது.)

இதற்குமேல் எனக்கு ஓடவில்லை. நெம்புவதா, விரலை எடுப்பதா, நீங்கள் முடிவு செய்யுங்கள். அதற்குமுன் உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காலை நேரம். வண்டி இதே மேசைமேல். அவள் வாசலில் ஒற்றைக் காலில் நின்று ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். ‘டக், டக்’ எங்கிருந்து வருகிறது பார்க்கட்டுமா என்று கேட்டு, நான் வண்டியைக் கையில் எடுத்தேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“சாயங்காலம் வந்து நானே பிரிச்சுப் பாக்கறேன். நீ கை வச்சிடாத.”