பாலத்தில் நின்ற அரக்கன்

சஃப்வானுக்குப் போனில் பேச வராது. சவூதியில் வேலை பார்க்கும் தம்மாமிலிருந்து கூப்பிட்டால், "சாப்ட்டியா? உம்மா நல்லா இருக்கா? சரி, வெக்கிறேன்" என்பதோடு முடிந்துவிடும். லப்பைக்குடிக்காட்டில் அவன் மனைவி ஃபஹ்மிதா அணைந்த போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவன் வாயைத் திறந்தது ஒரு போர்டு கேம்தான். போன லீவில் ஒரே மாதிரி இரண்டு டப்பா வாங்கி வந்து, ஒன்றை அவளிடம் விட்டுப்போனான். அவனுக்கு அரக்கர் படை, அவளுக்கு மந்திரக்காரிகள் படை. நடுவே ஓர் ஆறு, ஒரு பாலம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாய்ஸ் மெசேஜில் ஆட்டம் நடக்கும். ஒருவர் சொன்னதை மற்றவர் தம் பலகையிலும் நகர்த்திக்கொள்வார்.

அவனுடைய பெரிய அரக்கன் பாலத்துக்கு வந்தால் நகரமாட்டான். சஃப்வான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அரக்கன் குரலில் பேசுவான்.

"ஏ மந்திரக்காரி! ஒன் கோட்டையில இன்னிக்கு என்ன ஆணம்?"

"மீன் ஆணம். அரக்கனுக்குக் கொழம்பு கெடையாது, முள்ளு மட்டுந்தான்."

"அதையாவது குடு புள்ள. இந்தக் குப்பூஸ் ரொட்டியத் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு."

இப்படியே ஓர் ஆட்டம் மாதக்கணக்கில் இழுக்கும். கடைசியில் அவள்தான் தோற்பாள். பெரம்பலூர் கல்லூரியில் படிக்கும் தங்கை ஃபைஸா லீவுக்கு வந்தவள், பலகையைப் பார்த்துச் சிரித்தாள்.

"மச்சான்ட்ட எப்பப் பாத்தாலும் தோக்குறியே, வெக்கமா இல்ல? யூடியூப்ல எல்லாம் சொல்றாங்கக்கா. பாலத்துல நிக்கவே கூடாது. காட்டு வழியா சுத்திப் போ. மொதல்ல அவரு சாப்பாட்டு வண்டியக் கொளுத்து. பசியில படை தானா விழுந்துரும். பறக்குற நாகத்தக் கடைசி வரைக்கும் வெளிய வுடாத."

ஃபஹ்மிதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையே வண்டியைக் கொளுத்தினாள். அரக்கன் என்ன ஆணம் என்று கேட்டபோது, "பேச்சக் கொடுத்து ஏமாத்தாதீங்க மச்சான், காய நகத்துங்க" என்றாள். சாயங்காலத்துக்குள் அவன் கோட்டை விழுந்தது.

"மாஷா அல்லாஹ், நல்லா ஆடுற" என்றான்.

அடுத்த வாரமும் அவளே ஜெயித்தாள். அதற்கடுத்த வாரமும். பிறகு அவன் ஆட்டத்துக்கே கூப்பிடவில்லை. பழையபடி "சாப்ட்டியா?" மட்டும் வந்தது.

"என்னம்மா, எம் புள்ள சிரிக்கிற சத்தம் போன்ல கேக்கவே மாட்டேங்குதே?" என்று மாமியார் பாத்திமா பீவி கேட்டபோதுதான் ஃபஹ்மிதாவுக்கு உறைத்தது. பழைய வாய்ஸ் மெசேஜ்களைப் போட்டுக் கேட்டாள். அவளுடைய சாப்பாட்டு வண்டி எத்தனையோ முறை அரக்கன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறது. அவன் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. வண்டியைத் தாண்டிப் போய், பாலத்தில் நின்று, ஆணம் கேட்டிருக்கிறான்.

அவசரமாகப் பலகையை விரித்துக் காய்களை அடுக்கி, அரக்கனைப் பாலத்திலேயே நிறுத்தினாள்.

"மச்சான், புது ஆட்டம் போடுவமா? இந்தத் தடவ நானும் பாலத்துக்கே வர்றேன்."

பதில் வந்தது. "இல்ல புள்ள. டப்பாவ எங்கூட ரூம்ல இருக்குற பிலாலுக்குக் குடுத்துட்டேன். நீ நல்லா கத்துக்கிட்ட. எனக்குத்தான் ஆடத் தெரியல. சாப்ட்டியா?"

பலகையில் அரக்கன் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் போனை வாயருகே பிடித்தாள்.

"இன்னிக்குக் கத்திரிக்கா புளியாணம், அரக்கா. உப்புக் கொஞ்சம் தூக்கல்."

நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.